கடைசியாக எப்போது திரும்ப எடுத்துப் பார்த்தீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பருவமழைக்கு முன் நம் நீலகிரி மலையில் நடந்த மீட்பு ஒத்திகையின் படத்தை உங்கள் நாளிதழில் பார்த்தேன். ஒருவரைக் கயிறு கட்டித் தூக்குகிறார்கள், பக்கத்தில் ஒரு தீயணைப்பு வீரர் மரம் அறுக்கும் மெஷினைக் கிளப்பிப் பார்க்கிறார், பின்னால் பள்ளிப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த மெஷினை மழை கொட்டும் ராத்திரியில் முதல் முறையாகக் கிளப்பினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் வெயிலடிக்கும்போதே கிளப்பிப் பார்த்துவிடுகிறார்கள். சரி, இந்த மலையில் இன்றைக்குப் பாதி வேலை கம்ப்யூட்டரில் ஓடுகிறதே, தேயிலைக் கொழுந்து கணக்கு, பள்ளிக்கட்டணம், ஆஸ்பத்திரிச் சீட்டு, சுற்றுலா வண்டிக்கு இ-பாஸ் என்று, அதற்கெல்லாம் இப்படி ஒரு ஒத்திகை யாராவது பார்க்கிறார்களா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், வெட்ட வேண்டுமானால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் கோத்தகிரிக்காரன். நானும் கோவையில் இருக்கும் என் நண்பனும் சேர்ந்து, சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் சில தொழிற்சாலைகளுக்கு எடைக் கணக்கு மென்பொருள் செய்து தருகிறோம். ரோட்டோரத்தில் சாக்கை எடை போட்டதும் போனில் பதிவாகும், விவசாயிக்கு எஸ்எம்எஸ் போகும், மாதக் கடைசியில் விலை வைத்து, முன்பணத்தைக் கழித்துப் பணம் பட்டுவாடா ஆகும். எல்லாம் கிளவுடில். அதாவது எங்கள் வீட்டிலோ தொழிற்சாலையிலோ சர்வர் என்று ஒரு பெட்டி கிடையாது, அமேசான் நிறுவனத்தின் மும்பை மையத்தில் இடம் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறோம்.

2025 தீபாவளி, அக்டோபர் 20, ஞாபகம் இருக்கிறதா? அன்று மதியம் பன்னிரண்டேகால் வாக்கில் அதே அமேசானின் அமெரிக்க வர்ஜீனியா மையத்தில் ஒரு சேவையின் பெயரை வைத்து அதன் இணைய முகவரியைத் தேடும் ஏற்பாடு குழம்பிப்போய், உலகம் முழுக்க ஏகப்பட்ட செயலிகள் படுத்துவிட்டன. மும்பைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டிவியில் செய்தி பார்த்துவிட்டு, நாங்கள் மென்பொருள் கொடுத்திருக்கும் ஒரு தொழிற்சாலையின் கணக்கர் அக்கா எனக்கு போன் செய்தார். ஒரு கையில் முறுக்கு, ஒரு காதில் அவர். "தம்பி, நம்ம மும்பை இப்படிப் போச்சுன்னா எத்தனை நேரத்துல திரும்ப வரும்?"

"ஒரு மணி நேரம் ஆகும்க்கா. பேக்கப் எல்லாம் தினமும் எடுக்கிறோம்."

"அப்ப ஒரு நாள் காட்டுங்க."

அவ்வளவுதான் கேட்டார். பேக்கப் என்றால், கணக்கு தொலைந்தால் திரும்ப எடுத்துக்கொள்ள வைக்கும் நகல். ஆறு வருடமாக மென்பொருள் விற்கிறோம், டெண்டர் படிவங்களில் "பேக்கப் வசதி உண்டா?" என்ற கட்டத்தில் "உண்டு" என்று எழுதி எழுதிக் கை பழகிப்போயிருந்தது. காட்டு என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை, நாங்களும் எங்களையே கேட்டுக்கொண்டதில்லை.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொழிற்சாலை லீவு. காலை 9 மணிக்கு அலுவலக அறையில் உட்கார்ந்தோம். அக்கா இரண்டு நிபந்தனை போட்டார். மும்பையில் இருப்பது எதையும் தொடக் கூடாது, அது இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, என் நண்பனுக்கு போன் செய்யக் கூடாது. "அவருக்கு அன்னிக்குக் காய்ச்சல்னா?" என்றார். மேசை மேல் ஒரு நாற்பது பக்க நோட்டு, சுவரில் கடிகாரம்.

எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று படிப்படியாக ஒரு ஆவணம் எழுதி வைத்திருந்தோம், அதை நினைத்து எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. லேப்டாப்பைத் திறந்து அதை எடுக்கப் போனேன். அது இருந்ததும் அதே மும்பையில். "அது போயிடுச்சுன்னு சொன்னோமே தம்பி" என்றார் அக்கா. சிரிக்கவும் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. சரி, மனப்பாடமாகச் செய்யலாம் என்று ஐதராபாத் மையத்துக்குள் நுழைந்தேன். (மும்பை மையம் 2016-ல் வந்தது, ஐதராபாத் 2022 கடைசியில். ஒன்றுக்கு ஏதாவது ஆனால் இன்னொன்றில் எழுப்பிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு.) பாஸ்வேர்டு போட்டதும் ஆறு இலக்க எண் கேட்டது. அந்த எண் வருவது நண்பனின் போனில். போன் செய்யக் கூடாது என்ற நிபந்தனையை அங்கேயே உடைத்தோம். அவன் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்யாணத்தில், போன் சைலன்ட்டில், சட்டைப்பையில். முகூர்த்தம் முடிந்து, பந்தி முடிந்து, அவன் போனைப் பார்த்து எண்ணைச் சொன்னபோது மணி 11.10.

அதற்கப்புறம் டேட்டாபேஸை, அதாவது மொத்தக் கணக்குத் தொகுப்பை, நகலிலிருந்து திரும்ப எழுப்ப (ரீஸ்டோர் செய்ய) ஆனது 35 நிமிடம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எங்களைப் போன்றவர்கள் "ஒரு மணி நேரம்" என்று வாய்க்கு வந்தபடி சொல்வது இந்த 35 நிமிடத்தை மனதில் வைத்துத்தான். சாவியைத் தேடுவது, பூட்டு எது என்று பார்ப்பது, திறந்த பிறகு வீட்டில் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணுவது, இதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

எண்ணியது அக்காதான். நான் திரையைப் பார்த்து, எல்லாத் தொழிற்சாலைப் பெயரும் வருகிறது, எல்லா விவசாயி பெயரும் வருகிறது, முடிந்தது என்று எழுந்துவிட்டேன். நடுவில் கரண்ட் வேறு போய் இன்வெர்ட்டர் கத்திக்கொண்டிருந்தது. அவர் பேரேட்டைத் திறந்து சனிக்கிழமை கொழுந்தைக் கூட்டிப் பார்த்தார். 4,180 கிலோ இருக்க வேண்டிய இடத்தில் 2,300 சொச்சம். கடைசியாகப் பதிவான சாக்கு மதியம் 3.29. அதற்குப் பிறகு அந்த நாளே இல்லை, கத்தரித்து எடுத்த மாதிரி.

காரணம் தெரிய இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆனது. முந்தைய நாள் கணக்கை அக்கா காலையில் சரிபார்த்து முடித்ததும் பேக்கப் எடுக்கட்டும் என்று காலை 10 மணி வைத்திருந்தோம். கிளவுட் மெஷின்களின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடும், நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அங்கே 10 என்றால் இங்கே மதியம் 3.30. கொழுந்து வண்டிகள் வரிசையில் நிற்கும் நேரம். ஆறு வருடமாகத் தினமும், தவறாமல், பாதி நாளைத்தான் பத்திரப்படுத்தி வந்திருக்கிறோம். "பேக்கப் வெற்றி" என்று தினமும் பச்சை எழுத்தில் மின்னஞ்சல் வந்தது, அதுவும் பொய்யில்லை.

அப்புறம் எடைச் சீட்டுப் படங்கள். அவை வேறு ஒரு சேமிப்பில் இருந்தன, அதற்கு நகலே கிடையாது, படம் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் உடைந்த சட்டம் போல ஒரு சின்னம். எஸ்எம்எஸ்ஸும் போகவில்லை. எஸ்எம்எஸ் அனுப்பித் தரும் நிறுவனம் எங்கள் மும்பை மெஷினின் ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் அந்த மெஷினை அடையாளம் காட்டும் எண்) வந்தால்தான் ஏற்கும், ஐதராபாத் முகவரி அதற்கு அந்நியன், ஞாயிற்றுக்கிழமை அங்கே போன் எடுக்க ஆள் இல்லை. கடைசியில் எங்கள் தளத்தின் பெயரை ஐதராபாத் பக்கம் திருப்பினோம், சில போன்கள் திரும்பின, சில போன்கள் மாலை வரை பழைய முகவரியிலேயே போய்த் தட்டிக்கொண்டிருந்தன, ஏனென்றால் "இந்த முகவரியை ஒரு நாள் ஞாபகம் வைத்துக்கொள்" என்று நாங்களே எப்போதோ எழுதி வைத்திருந்தோம்.

இரவு 8.40-க்கு அக்கா நோட்டில் எழுதினார்: காலை 9.00 முதல் இரவு 8.40. முழுசாக வரவில்லை.

இதில் எங்களுக்கு எந்தப் பேரிடரும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மழை இல்லை, தீ இல்லை, மும்பை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அக்கா முறுக்கு சுட்ட கையோடு ஒரு கேள்வி கேட்டார், அவ்வளவுதான். அந்தக் கேள்வி வராமல் உண்மையிலேயே மும்பை போயிருந்தால், பல நூறு குடும்பங்களின் அரை நாள் கொழுந்தை நாங்கள் எந்தத் துண்டுச் சீட்டை வைத்துத் தேடியிருப்போம் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

எங்களைப் போல இரண்டு பேர் நடத்தும் கடைக்குத்தான் இந்தக் கதி என்று நினைத்துவிடக் கூடாது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற பெரிய மென்பொருள் நிறுவனத்தில், களைத்துப்போன ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புகளை அழித்துவிட்டார். சரி, பேக்கப் இருக்கிறதே என்று போனால், பேக்கப் போய்ச் சேர வேண்டிய இடம் காலியாக இருந்தது. பேக்கப் எடுக்கும் நிரலின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் ஒத்துப்போகாமல் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. ஐந்து வகைப் பாதுகாப்பு வைத்திருந்தார்கள், ஐந்தில் ஒன்றும் நம்பி எடுக்கும் நிலையில் இல்லை. வேறு ஏதோ சோதனைக்காக அதே பொறியாளர் ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த நகல்தான் காப்பாற்றியது. நடந்ததை ஒளிக்காமல், சரிசெய்வதை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள், அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. ஆனால் முன்கூட்டியே ஒரே ஒரு முறை ரீஸ்டோர் செய்து பார்த்திருந்தால் அந்தக் காலி இடம் அன்றே கண்ணில் பட்டிருக்கும்.

அரசாங்கமும் விதிவிலக்கில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரிகள் தீப்பிடித்து அறுநூறுக்கும் மேற்பட்ட அரசு சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வைத்த ஜி-டிரைவ் என்ற தொகுப்பு, 858 டெராபைட், முழுதாக எரிந்துபோனது. ரொம்பப் பெரியது, அதனால் வெளியே நகல் எடுக்கவில்லை என்றார்கள். 2021 மார்ச் 10-ல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று எரிந்தபோது, நகல் வைத்திருந்த சில வாடிக்கையாளர்களுக்கும் அது கிடைக்கவில்லை, நகலும் அதே வளாகத்திலேயே இருந்திருக்கிறது. பட்டாவையும் அதன் ஜெராக்ஸையும் ஒரே டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிற மாதிரி.

"கிளவுடில் இருக்கிறது சார், மலையில் என்ன ஆனாலும் பயமில்லை" என்று விற்க வருகிறவர்கள் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். பாதி உண்மை. 2009 நவம்பரில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததைப் பார்த்தவர்கள் நாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மாதிரி நாளில் மும்பையில் கணக்கு பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் கட்டபெட்டில் ஒரு மரம் ஃபைபர் வயர் மேல் விழுந்தால் கணக்குக்கும் நமக்கும் நடுவில் தொடர்பே இருக்காது. டவருக்கு டீசல் தீர்ந்தால் போனும் போச்சு. அதனால் எங்கள் எடை போடும் போன்கள் நெட் இல்லாமல் இரண்டு நாள் தாங்குமா, நெட் வந்ததும் சேர்த்து வைத்ததை ஒரே ஒரு முறை மட்டும் அனுப்புமா, இரண்டு முறை அனுப்பி ஒரு சாக்கை இரண்டு சாக்காக்குமா, அதையும் சோதிக்க வேண்டியிருந்தது. அதற்கு மும்பையை அணைக்க வேண்டியதில்லை, போனை ஏரோபிளேன் மோடில் போட்டு ஒரு நாள் முழுக்கக் கொழுந்து எடை போட்டால் போதும்.

இரண்டாவது ஒத்திகை ஜனவரியில். பனி விழுந்து புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்த காலை. இந்த முறை படிகளை அச்சடித்துக் கவரில் போட்டு அக்காவின் பீரோவில் வைத்திருந்தோம், ஓடிபி வருவதற்கு இரண்டாவது போன், பேக்கப் நேரம் திருத்தம், படங்களுக்கும் நகல், ஐதராபாத் முகவரியை எஸ்எம்எஸ் நிறுவனத்தில் பதிந்தாயிற்று. இரண்டு மணி நேரம் 50 நிமிடத்தில் எல்லாம் எழுந்து நின்றது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை ஏழு மணியிலிருந்து போன். போன தடவை எஸ்எம்எஸ் போகாதது குறை, இந்தத் தடவை போனதுதான் குறை. ஐதராபாத்தில் எழுந்த நகலுக்குத் தான் நகல் என்று எப்படித் தெரியும்? போன மாதப் பட்டுவாடா செய்தியை இன்னும் அனுப்பவில்லை என்று நினைத்து முந்நூறு சொச்சம் விவசாயிகளுக்கும் "உங்கள் கணக்கில் பணம் வரவு வைக்கப்பட்டது" என்று திரும்ப அனுப்பிவிட்டது. சிலர் முதல் பஸ் பிடித்து ஏடிஎம்முக்கே போய்விட்டார்கள். ஒரு பெரியவர் கேட்டார்: "ஏன் தம்பி, ரெண்டு தடவை போட்டிருக்கீங்களா? போட்டிருந்தா திருப்பிக் கேப்பீங்களா?" பணம் ஒரு தடவைதான் போட்டிருக்கிறோம் ஐயா, செய்தி மட்டும் இரண்டு தடவை என்று அன்று முழுக்க மன்னிப்புக் கேட்டேன். வங்கிக்குப் போகும் பட்டியலும் அதே வேகத்தில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இப்போது எங்கள் தாளில் முதல் வரியே, நகலை எழுப்புவதற்கு முன் அதன் வாயைக் கட்டு: எஸ்எம்எஸ், வங்கி, மின்னஞ்சல் எல்லாம் மூடு, அப்புறம் எழுப்பு.

மூன்றாவதில் கற்றது திரும்பி வரும் வழி. ஒரு நாள் முழுக்க ஐதராபாத்தில் நிஜக் கொழுந்தையே எடை போட்டோம், நன்றாகப் போனது, மாலையில் மும்பைக்குத் திரும்பலாம் என்றால் அன்றைய கணக்கு முழுக்க ஐதராபாத்தில், மும்பை நேற்றோடு நின்றிருக்கிறது. போவதற்குப் பதினெட்டுப் படி எழுதியிருந்தோம், வருவதற்கு ஒரு படி கூட இல்லை. அன்று ராத்திரி தூக்கமில்லை.

இந்தத் துறையில் இரண்டு சொற்கள் உண்டு, ஆர்டிஓ, ஆர்பிஓ என்று. முதலாவதைச் சொன்னதும் அக்கா "லைசென்ஸ் ஆபீஸா?" என்றார். அவரிடம் பிறகு இப்படிச் சொன்னேன்: எத்தனை நேரம் கடை மூடியிருந்தால் தாங்குவீர்கள், அது ஒன்று, எத்தனை நேரக் கணக்கு தொலைந்தால் தாங்குவீர்கள், அது இன்னொன்று. யோசித்துவிட்டு, "கடை ஒரு நாள் மூடலாம், துண்டுச் சீட்டில் எழுதிக்கிறோம். கணக்கு அஞ்சு நிமிஷம் கூடத் தொலையக் கூடாது" என்றார். இந்தப் பதிலை மென்பொருள்காரன் நான் சொல்லியிருக்க முடியாது, நான் தலைகீழாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், தளம் சீக்கிரம் எழுந்தால் போதும் என்று. இப்போது மாற்றங்கள் சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஐதராபாத்துக்குப் போகின்றன. தினசரி நகலும் தனியாக உண்டு, ஏனென்றால் மும்பையில் யாராவது தவறிப்போய் அழித்தால் அந்த அழிப்பும் அடுத்த சில நிமிடத்தில் ஐதராபாத்துக்குப் போய்விடும்.

மாற்று வழி என்றால் என்ன என்பது மலைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குக் குன்னூர் வழி ஒன்று, கோத்தகிரி வழி ஒன்று. பர்லியாறு, மரப்பாலம் பக்கம் மண் சரிந்தால் வண்டிகளை எங்கள் ஊர் வழியாகத் திருப்பிவிடுகிறார்கள், அதுபாட்டுக்குப் போகிறது. ஏன் போகிறது? தினமும் பஸ் ஓடும் பாதை, சீசனில் ஒருவழியாக்கி இறங்கும் வண்டியை எல்லாம் இதில்தான் விடுகிறார்கள். எந்த வளைவில் லாரி சிக்கும் என்று டிரைவருக்குத் தெரியும். இதே பாதையை வரைபடத்தில் மட்டும் போட்டுவிட்டுப் பத்து வருடம் முள்வேலி கட்டி மூடி வைத்திருந்தால், மண் சரிந்த அன்றைக்கு வேலியைப் பிரித்து யார் வண்டி விடுவார்கள்?

பங்குச் சந்தை இதைச் செய்கிறது. 2021 பிப்ரவரி 24-ல் தேசியப் பங்குச் சந்தை நாலு மணி நேரம் நின்று நாடே பேசியது. அப்புறம் 2024 மார்ச் 2, மே 18 என்று இரண்டு சனிக்கிழமைகளில் தனியாக சந்தையைத் திறந்து, பாதி நேரம் வழக்கமான இடத்திலிருந்தும் மீதி நேரம் மாற்று மையத்திலிருந்தும் நிஜ வியாபாரத்தையே நடத்திப் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய சந்தை விடுமுறை நாளில் நிஜப் பணத்தை வைத்துப் பார்க்கும்போது, ஒரு கூட்டுறவுக் கடையோ பள்ளியோ ஆஸ்பத்திரியோ வருடத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்க முடியாதா?

செலவு என்பார்கள். கிளவுடில் ஒரு நாளைக்கு மட்டும் இரண்டாவது மெஷினை வாடகைக்கு எடுத்து, வேலை முடிந்ததும் அழித்துவிடலாம். எங்களுக்குச் சில நூறு ரூபாய் ஆகிறது, டீ, வடை உட்பட. (முதல் ஒத்திகைக்குப் பிறகு அழிக்க மறந்துவிட்டோம். அந்த மாத பில்லைப் பற்றி எழுதப் போவதில்லை.)

போன மழையில் நான் போன ஓர் அலுவலகத்தில் கவுன்டர் கண்ணாடியில் "சர்வர் டவுன்" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். பெயர் வேண்டாம். காகிதத்தின் நாலு மூலையிலும் செல்லோடேப் மஞ்சளாகிப்போயிருந்தது, அதற்கு மேல் புது டேப். அன்றைக்கு எழுதிய காகிதம் இல்லை அது, டிராயரில் வைத்து எடுத்து எடுத்து ஒட்டுகிறார்கள். அந்த அலுவலகத்தின் மீட்பு ஏற்பாட்டில் முழுசாகச் சோதிக்கப்பட்டு வேலை செய்யும் ஒரே பகுதி அந்தக் காகிதம்தான் என்று தோன்றியது. நனைந்த குடையோடு ஒரு பாட்டி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பினார், எந்த ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தாரோ.

அதனால் மாவட்டத்தில் மென்பொருள் வாங்குகிறவர்கள் எல்லாரிடமும், அரசு அலுவலகமானாலும் தனியாரானாலும், நான் கேட்பது ஒன்றுதான். டெண்டரில் "பேக்கப் உண்டா?" என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், கடைசியாக எந்தத் தேதியில் திரும்ப எடுத்துப் பார்த்தீர்கள், எத்தனை நிமிடம் ஆனது, யார் செய்தார், அந்தக் கணக்கைச் சரிபார்த்தது யார் என்று கேளுங்கள். சரிபார்த்தவர் மென்பொருள்காரராக இருக்கக் கூடாது, கணக்கு தெரிந்தவராக இருக்க வேண்டும், எங்கள் 3.29 சாக்கைக் கண்டுபிடித்தது நான் இல்லையே. வருடத்துக்கு இரண்டு முறை வையுங்கள், மே மாதம் ஒன்று, செப்டம்பரில் ஒன்று. தென்மேற்கு மழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கத்தை அடிக்கும், வடகிழக்கு குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தை, இரண்டுக்கும் முன்னால் ஒவ்வொன்று. தீயணைப்புத் துறை கயிறை எடுக்கும் அதே வாரத்தில் நீங்களும் எடுங்கள். தோற்றால் தோற்றது என்று எழுதுங்கள், முதல் முறை எல்லாருக்கும் தோற்கும், எங்கள் நோட்டின் முதல் பக்கத்தைக் கேட்டால் காட்டத் தயார்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள், ஆசிரியர் அவர்களே. அடுத்த ஒத்திகைப் படம் போடும்போது, அதே பக்கத்தில் நாலைந்து அலுவலகங்களை போனில் கூப்பிட்டு இந்தத் தேதியை மட்டும் கேட்டுப் போடுங்கள். பதில் வராவிட்டால் அந்த இடத்தை வெள்ளையாக விடுங்கள்.

எங்கள் கதைக்கு வந்தால், இப்போது ஒத்திகை நாளை நாங்கள் குறிப்பதில்லை, அக்கா குறிக்கிறார், சொல்வதும் இல்லை. போன செவ்வாய்க்கிழமை காலை 6.10-க்குப் போன் வந்தது. "தம்பி, மும்பை போச்சு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஸ்வெட்டரைக் கூடத் தேடாமல் உட்கார்ந்தேன். 7.02-க்கு எழுந்தது, 52 நிமிடம். அதில் ஒன்பது நிமிடம் ஓடிபிக்குக் காத்திருந்தது. ஓடிபி வரும் இரண்டாவது போன் என் மனைவியிடம் இருக்கிறது, அவர் அதை மாடிக்கு எடுத்துப் போயிருந்தார், டவர் அங்கேதான் கிடைக்கும். அக்கா அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
கோத்தகிரி.